விமானம் பறக்க வயலில் எண்ணெய் விளையுமா?

வானத்தில் பறக்கும் ஆகாய விமானத்துக்கும் வயலில் நிற்கும் கரும்புக்கும் என்ன சம்பந்தம் என்று விவசாயிகள் கேட்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்புவரை எந்தச் சம்பந்தமும் இல்லை. இப்போது உண்டு. கரும்பிலிருந்து எடுக்கும் எரிசாராயம், காட்டாமணக்கு, புங்கம் போன்ற எண்ணெய் வித்துகள், பலகாரம் சுட்டுக் கழித்த பழைய எண்ணெய், வைக்கோல், சோளத்தட்டை ஆகியவற்றிலிருந்து விமானத்துக்கு எரிபொருள் தயாரிக்கும் முறைகள் வந்துவிட்டன. பல நாடுகள் இதைக் கட்டாயமாக்கியும் வருகின்றன.

இந்தச் செய்தி கிராமத்துக்கு வந்து சேரும்போது, "இந்த மரத்தை நடுங்கள், விமானக் கம்பெனி வாங்கிக்கொள்ளும்" என்ற வடிவத்தில்தான் வரும். ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்கு முன் காட்டாமணக்கு வந்ததும் இப்படித்தான். இரண்டு ஏக்கர் வைத்திருக்கும் விவசாயி ஒரு மரப்பயிரை நம்பி நிலத்தை ஒப்படைத்தால் ஐந்து, ஆறு ஆண்டுகள் அந்த நிலம் வேறு எதற்கும் உதவாது. ஆகவே, இதன் கணக்கை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

விமானம் எரிப்பது எந்த எண்ணெய்?

பெரிய பயணி விமானங்கள் எரிப்பது பெட்ரோல் அல்ல. நன்கு சுத்தம் செய்யப்பட்ட ஒருவகை மண்ணெண்ணெயே ஆகும். விமானம் 10, 11 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கிறது. அங்கே வெளிக்குளிர் உறைநிலைக்குக் கீழே 50 டிகிரியோ அதற்கு மேலோ இருக்கும். அந்தக் குளிரிலும் எண்ணெய் உறைந்து குழாயை அடைக்கக் கூடாது. எனவே, உறைநிலைக்குக் கீழே 47 டிகிரி வரை உறையாத எண்ணெய்தான் பெரும்பாலான நாடுகளில் பயன்படுகிறது. பனிக்காலத்தில் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகி நிற்பதை நினைத்துப் பார்த்தால், சாதாரணத் தாவர எண்ணெயை அப்படியே விமானத்தில் ஊற்ற முடியாது என்பது விளங்கும்.

180 பேர் அமரக்கூடிய ஒரு நடுத்தர விமானம் சென்னையிலிருந்து தில்லிக்குப் போக ஏறத்தாழ 8,000 லிட்டர் எண்ணெய் எரிக்கிறது. எடையில் இது சுமார் 6.4 டன். எல்லா இருக்கைகளிலும் ஆள் இருந்தால் தலைக்கு 45 லிட்டர் ஆகிறது. ஒரு கிலோ விமான எண்ணெய் எரிந்தால் 3.16 கிலோ கரியமில வாயு வெளிவரும். அதாவது இந்த ஒரு பயணத்தில் மட்டும் 20 டன் கரியமில வாயு காற்றில் கலக்கிறது. எண்ணெயின் எடையைவிட வாயுவின் எடை எப்படிக் கூடும் என்று ஐயம் தோன்றலாம். எண்ணெயில் உள்ள கரி, காற்றில் உள்ள பிராணவாயுவைச் சேர்த்துக்கொள்வதால் எடை கூடுகிறது.

சிக்கனம் எப்படி வந்தது?

விமான நிறுவனங்களின் செலவில் எண்ணெய்ச் செலவு நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை போகிறது. நம் நாட்டில் இது இன்னும் கூடுதலாக இருப்பதும் உண்டு. ஆகவே ஒவ்வொரு துளியையும் மிச்சப்படுத்த அவர்கள் பாடுபடுகிறார்கள். 1950-களில் வந்த முதல் ஜெட் விமானங்களோடு ஒப்பிட்டால், இப்போதைய விமானங்களுக்கு ஓர் இருக்கைக்கு ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் போதும் என்று விமானத் துறையினர் கணக்கிடுகின்றனர்.

இதில் பெரும்பங்கு எஞ்சினால் வந்தது. பழைய ஜெட் எஞ்சின் கொஞ்சம் காற்றை மிக வேகமாகப் பின்னால் தள்ளியது. புதிய எஞ்சினின் முகப்பில் பெரிய விசிறி ஒன்று உண்டு. அது நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறது. அதே உந்துவிசைக்கு இந்த முறையில் எண்ணெய் குறைவாகச் செலவாகும். முந்திய தலைமுறை எஞ்சின்களில் எரியும் அறைக்குள் போகும் காற்றைப்போல ஐந்து, ஆறு மடங்கு காற்று விசிறி வழியாக வெளியே போயிற்று. இப்போது 11, 12 மடங்கு போகிறது. ஏர்பஸ் ஏ320 நியோ போன்ற விமானங்கள் பழைய மாதிரியைவிட 15 முதல் 20 சதவீதம் குறைவாக எண்ணெய் எரிப்பதற்கு இதுவே முதல் காரணம்.

அடுத்தது இறக்கை. இறக்கையின் நுனி மேல்நோக்கி வளைந்திருப்பதைப் படங்களில் பார்த்திருக்கலாம். இறக்கை நுனியில் காற்று சுழன்று பின்னுக்கு இழுப்பதை இந்த வளைவு குறைக்கிறது. நெடுந்தூரப் பயணத்தில் இதனால் 4 சதவீதம் வரை எண்ணெய் மிச்சமாகும்.

மூன்றாவது எடை. மாட்டுவண்டியில் பாரம் கூடினால் மாடு இளைப்பது போலத்தான் இதுவும். விமானத்தில் தேவையின்றி 100 கிலோ கூடுதலாக ஏற்றினால், அதைச் சுமப்பதற்கென்றே மணிக்கு ஏறத்தாழ 3 கிலோ எண்ணெய் எரியும். ஆகவே அலுமினியத்துக்குப் பதில் கரியிழை கலந்த இலேசான பொருள்களால் விமான உடலைச் செய்கிறார்கள். போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி இத்தகைய பொருள்களே. இருக்கைகளையும் மெலிதாகச் செய்கிறார்கள். தரையில் ஊர்ந்து செல்லும்போது ஒரே எஞ்சினை ஓட்டுவது, இறங்கும்போது படிப்படியாக இறங்காமல் ஒரே சரிவாக இறங்குவது போன்ற பழக்கங்களாலும் சிறிது மிச்சமாகிறது. ஆயில் எஞ்சின் வைத்திருப்போர் புட்வால்வையும் பெல்ட்டையும் சரிபார்த்து டீசலை மிச்சம் பிடிப்பதும் இதே வழிதான்.

இவ்வளவு செய்தும் மொத்த எண்ணெய்ச் செலவு குறையவில்லை. ஒரு விமானம் எரிப்பது குறைகிறது. பறக்கும் விமானங்களின் எண்ணிக்கையோ அதைவிட வேகமாகக் கூடுகிறது. நம் நாட்டில் மட்டும் 2024-25-ம் ஆண்டில் சுமார் 90 லட்சம் டன் விமான எண்ணெய் செலவாயிற்று.

மின்சாரத்தில் ஓட்டக் கூடாதா என்றால், பெரிய விமானங்களுக்கு அது இப்போது இயலாது. ஒரு கிலோ விமான எண்ணெயில் சுமார் 12 யூனிட் சக்தி இருக்கிறது. ஒரு கிலோ பாட்டரியில் கால் யூனிட் அளவே இருக்கிறது. மின் எஞ்சின் சக்தியை வீணாக்காமல் பயன்படுத்தும் என்றாலும், இந்த வித்தியாசத்தை அது ஈடுகட்டாது. எனவேதான் எல்லோர் கண்ணும் மாற்று எரிபொருள் பக்கம் திரும்பியிருக்கிறது. ஆங்கிலத்தில் இதனைச் 'சஸ்டெய்னபிள் ஏவியேஷன் ஃப்யூயல்' என்றும், சுருக்கமாகச் 'சாஃப்' என்றும் சொல்கிறார்கள்.

மாற்று எரிபொருள் என்றால் என்ன?

மாற்று எரிபொருளும் எரியும்போது கரியமில வாயுவை வெளிவிடவே செய்யும். ஆனால் அந்த வாயு, பயிர் வளரும்போது காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்த கரி புதிதாக மேலே வருவதில்லை. இதுவே இதன் சிறப்பு. ஆயினும் பயிருக்கு இட்ட யூரியா, ஓட்டிய டிராக்டர், ஆலையில் எரித்த நிலக்கரி எல்லாவற்றையும் கணக்கில் கழிக்க வேண்டும். காட்டை அழித்துப் பயிர் வைத்தால் இலாபத்துக்குப் பதில் நட்டமே மிஞ்சும்.

தயாரிக்கும் முறைகளில் மூன்று முக்கியமானவை.

முதலாவது எண்ணெய் வழி. தாவர எண்ணெய், பழைய சமையல் எண்ணெய், கால்நடைக் கொழுப்பு ஆகியவற்றை ஹைட்ரஜன் வாயுவோடு சேர்த்து, அதிக வெப்பத்திலும் அழுத்தத்திலும் பக்குவப்படுத்துகிறார்கள். எண்ணெயில் உள்ள பிராணவாயு நீங்கி, மண்ணெண்ணெயைப் போன்ற பொருள் கிடைக்கிறது. ஒரு கிலோ எண்ணெயிலிருந்து ஏறத்தாழ 800 கிராம் எரிபொருள்கள் கிடைக்கும். அதில் ஒரு பகுதிதான் விமானத்துக்கு உதவும். மீதி டீசலாகவும் இதர பொருள்களாகவும் பிரியும்.

இரண்டாவது சாராய வழி. எரிசாராயத்திலிருந்து நீரைப் பிரித்து, கிடைக்கும் வாயுவின் மூலக்கூறுகளைச் சங்கிலிபோலக் கோத்து எண்ணெயாக்குவது இம்முறை. கரும்பு, மக்காச்சோளம், உடைந்த அரிசி ஆகியவை இதற்கு மூலப்பொருளாகும்.

மூன்றாவது கழிவு வழி. வைக்கோல், தட்டை, மரக்கழிவு, குப்பை ஆகியவற்றைக் குறைந்த காற்றில் சூடாக்கி வாயுவாக்கி, அந்த வாயுவை எண்ணெயாக மாற்றுவார்கள். மூலப்பொருள் மலிவு. ஆலை கட்டும் செலவு மிக அதிகம்.

எந்த வழியில் செய்தாலும், இப்போதுள்ள பன்னாட்டு விதிப்படி சாதாரண விமான எண்ணெயோடு பாதிக்குப் பாதி வரைதான் கலக்கலாம். விமானத்திலோ எஞ்சினிலோ மாற்றம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. சோதனையாக முழுக்க மாற்று எரிபொருளிலேயே பறந்ததும் உண்டு. 2023 நவம்பரில் இலண்டனிலிருந்து நியூயார்க்குக்கு ஒரு பெரிய விமானம் இப்படிச் சென்றது. நம் நாட்டில் 2018 ஆகஸ்டில் டேராடூனிலிருந்து தில்லிக்கு ஒரு விமானம், காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து செய்த எரிபொருளைக் கலந்து பறந்தது. டேராடூனில் உள்ள இந்தியப் பெட்ரோலிய ஆய்வு நிறுவனம் அந்த எரிபொருளைத் தயாரித்துக் கொடுத்தது. ஆகவே, இது பறக்குமா என்பதில் இப்போது ஐயம் இல்லை. கட்டுபடி ஆகுமா என்பதுதான் கேள்வி.

விலை ஏன் இவ்வளவு?

ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பு 2024-ம் ஆண்டுக்கு வெளியிட்ட கணக்கின்படி, அங்கே ஒரு டன் சாதாரண விமான எண்ணெயின் சராசரி விலை 734 யூரோ. தாவர எண்ணெய், கழிவு எண்ணெய் ஆகியவற்றிலிருந்து செய்த மாற்று எரிபொருளின் விலை 2,085 யூரோ. அதாவது கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இத்தனைக்கும் இது மாற்று எரிபொருள்களில் மலிவான வகை. 2024-ல் உலகம் முழுவதும் தயாரான மாற்று எரிபொருள் 10 லட்சம் டன் மட்டுமே. மொத்த விமான எண்ணெயில் இது 0.3 சதவீதம்தான்.

விலை கூடுவதற்குக் காரணங்கள் எளிமையானவை. எண்ணெய் வழியில் செலவின் பெரும்பகுதி மூலப்பொருளுக்கே போகிறது. கச்சா எண்ணெய் ஒரே கிணற்றிலிருந்து நாள்தோறும் பீறிட்டு வருகிறது. பழைய சமையல் எண்ணெயோ ஆயிரம் கடைகளிலிருந்து பத்து லிட்டர், இருபது லிட்டராகச் சேர்க்க வேண்டியது. வைக்கோல் பருத்த பொருள். ஒரு லாரி நிறைய ஏற்றினாலும் எடை நிற்காது. ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருந்து கொண்டுவந்தால் வாடகையே விலையைத் தின்றுவிடும். இவற்றோடு ஹைட்ரஜன் செலவும் ஆலைக் கடனுக்கு வட்டியும் சேர்கின்றன.

இந்தக் கூடுதல் விலை பயணியை எந்த அளவு தாக்கும்? எண்ணெயில் 5 சதவீதம் மாற்று எரிபொருள் கலப்பதாகவும், அதன் விலை மூன்று மடங்கு என்றும் கொள்வோம். மொத்த எண்ணெய்ச் செலவு 10 சதவீதம் கூடும். செலவில் எண்ணெயின் பங்கு 30 சதவீதம் என்றால், டிக்கெட் விலை 3 சதவீதம் உயரும். 5,000 ரூபாய் டிக்கெட்டுக்கு 150 ரூபாய். பயணி இதைத் தாங்கிக்கொள்வார். அந்த 150 ரூபாயில் வயலுக்கு எவ்வளவு வந்து சேரும் என்பதே விவசாயி பார்க்க வேண்டிய கணக்கு.

கரும்பு விவசாயிக்கு என்ன கிடைக்கும்?

ஒரு டன் கரும்பின் சாற்றை முழுவதும் எரிசாராயமாக்கினால் சுமார் 70 லிட்டர் கிடைக்கும். ஏக்கருக்கு 40 டன் மகசூல் என்றால் 2,800 லிட்டர். ஒரு லிட்டர் விமான எண்ணெய் செய்யக் குறைந்தது 1.6 லிட்டர் சாராயம் வேண்டும். ஆலையில் ஏற்படும் சேதாரத்தையும் சேர்த்து 1.7 லிட்டர் என்று வைத்தால், ஓர் ஏக்கர் கரும்பிலிருந்து 1,650 லிட்டர் எண்ணெய் வரும். சென்னை-தில்லி பயணத்துக்கு 8,000 லிட்டர் தேவை. அதாவது ஐந்து ஏக்கரில் ஓராண்டு பாடுபட்டு வளர்த்த கரும்பு ஒரே ஒரு பயணத்தில் எரிந்து தீர்ந்துவிடும்.

தண்ணீர்க் கணக்கையும் பார்க்க வேண்டும். கரும்புக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் நீர் தேவை. ஓர் ஏக்கருக்கு இது 80 லட்சம் லிட்டர் ஆகிறது. ஒரு லிட்டர் விமான எண்ணெய்க்கு 5,000 லிட்டர் தண்ணீர் என்று பொருள். கிணறு வற்றி ஆழ்குழாய் இறக்கும் வட்டாரங்களில் இது சிறிய விஷயம் அல்ல.

இனி ரூபாய்க் கணக்கு. 2024-25 பருவத்தில் கரும்புச் சாற்றிலிருந்து எடுத்த எரிசாராயத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த விலை லிட்டருக்கு 65 ரூபாய் 61 காசு. ஒரு லிட்டர் விமான எண்ணெய்க்கு வேண்டிய 1.7 லிட்டர் சாராயத்தின் விலையே 111 ரூபாய் ஆகிறது. அதை எண்ணெயாக்கும் செலவு தனி. 2025-ம் ஆண்டில் சென்னையில் சாதாரண விமான எண்ணெய் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கி, லிட்டருக்கு 85 முதல் 105 ரூபாய்வரை விற்றது. ஆக, மூலப்பொருளின் விலையே முடிந்த சரக்கின் விலையைத் தாண்டுகிறது.

அதே பருவத்தில் கரும்புக்கு மத்திய அரசின் நியாய விலை, 10.25 சதவீத சர்க்கரைக் கட்டுமானத்துக்கு டன்னுக்கு 3,400 ரூபாய். ஒரு லிட்டர் சாராயத்துக்கு வேண்டிய கரும்பின் விலை 48 ரூபாய்க்கு மேல் ஆகிறது. ஆலைக்கு மிஞ்சுவது 17 ரூபாய். இதில் வேலை ஆட்கள், எரிபொருள், வட்டி எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே விமான எண்ணெய் தயாரிக்கிறார்கள் என்பதற்காகக் கரும்பு விலை தானாக உயர்ந்துவிடும் என்று எண்ணக் கூடாது. அரசு சாராய விலையை உயர்த்தினாலோ, விமான நிறுவனங்கள் கூடுதல் விலைக்கு நீண்டகால ஒப்பந்தம் செய்தாலோதான் ஆலை கூடுதலாகத் தர முடியும்.

சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து சாராயம் எடுப்பது இதைவிட மேலான வழி. ஒரு டன் கரும்புக்குப் பத்து, பதினோரு லிட்டர்தான் கிடைக்கும். ஆனால் சர்க்கரையும் கிடைத்துவிடுகிறது. கூடுதல் நிலமோ நீரோ தேவைப்படுவதில்லை.

காட்டாமணக்கு கற்பித்த பாடம்

2003-ல் மத்தியத் திட்டக் குழு அமைத்த குழுவின் அறிக்கை, தரிசு நிலங்களில் காட்டாமணக்கு வளர்த்து டீசலில் ஐந்தில் ஒரு பங்கை ஈடுகட்டலாம் என்றது. தண்ணீர் வேண்டாம், உரம் வேண்டாம், ஆடு மாடு மேயாது, 30 ஆண்டுகள் காய்க்கும் என்றெல்லாம் பிரசாரம் நடந்தது. தமிழ்நாட்டிலும் கோவை, திருவண்ணாமலை முதலிய மாவட்டங்களில் பலர் நட்டார்கள். சிலர் நிலக்கடலை விளைந்த மானாவாரி நிலத்திலேயே நட்டார்கள்.

நடந்தது வேறு. தண்ணீர் இல்லாமல் செடி சாகாது என்பது உண்மை. ஆனால் காய்க்கவும் காய்க்காது. சொன்ன மகசூலில் ஒரு சிறு பங்கே கிடைத்தது. காய்கள் ஒரே சமயத்தில் முதிராததால் திரும்பத் திரும்பப் பறிக்க வேண்டியிருந்தது. பறிகூலிக்கே வருமானம் போதவில்லை. தேர்ந்தெடுத்த இரகம் என்று எதுவும் இல்லாமல், கிடைத்த விதையையெல்லாம் நட்டதும் ஒரு காரணம். பிண்ணாக்கில் நஞ்சு இருப்பதால் மாட்டுக்கு வைக்க முடியாது. நிலக்கடலை போட்டிருந்தால் எண்ணெயும், பிண்ணாக்கும், மாட்டுக்குக் கொடியும் கிடைத்திருக்கும். தமிழ்நாட்டு அனுபவத்தை ஆராய்ந்து 2010-ல் வெளிவந்த ஆய்வும், பெரும்பாலான விவசாயிகள் இதைக் கைவிட்டதையும், சிறு விவசாயிகளே அதிகம் பாதிக்கப்பட்டதையும் எடுத்துக்காட்டியது.

இதையும் ஒரு கணக்காகப் பார்க்கலாம். மானாவாரியில் ஏக்கருக்கு 400 கிலோ விதை கிடைத்தது என்றே கொள்வோம். செக்கில் ஆட்டினால் ஒரு கிலோ விதையிலிருந்து 280 கிராம் எண்ணெய் வரும். அது ஆலையில் சுமார் 225 கிராம் எரிபொருளாகும். விமான எண்ணெய் லிட்டர் 95 ரூபாய் என்றால், கிலோ சுமார் 119 ரூபாய். அந்த 225 கிராமின் விலை 27 ரூபாய். ஆட்டும் கூலி, லாரி வாடகை, ஹைட்ரஜன், ஆலைச் செலவு எதுவுமே இல்லை என்றாலும்கூட, ஒரு கிலோ விதைக்கு 27 ரூபாய்க்கு மேல் தர வழியில்லை. ஏக்கருக்கு 10,800 ரூபாய் ஆகிறது. இந்தச் செலவுகளைக் கழித்தால் விவசாயி கைக்கு வருவது இதில் ஒரு பகுதியே. விமான நிறுவனம் இரு மடங்கு விலை தர முன்வந்தால் கணக்கு மாறும். அந்த இரு மடங்கு விலை விவசாயியின் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையில் எது வருகிறது?

2023 நவம்பரில் மத்திய அரசு, வெளிநாடு செல்லும் விமானங்களின் எண்ணெயில் 2027-ல் 1 சதவீதமும், 2028-ல் 2 சதவீதமும் மாற்று எரிபொருள் கலப்பது என்று குறிக்கோள் வகுத்தது. 2030-ல் 5 சதவீதம் என்ற குறிக்கோள் பின்னர் வந்தது. ஐரோப்பிய விமான நிலையங்களில் 2025 முதல் 2 சதவீதம் கட்டாயம். 2030-ல் இது 6 சதவீதமாக உயரும். கவனிக்க வேண்டியது என்னவென்றால், உணவுப் பயிர், தீவனப் பயிர் ஆகியவற்றிலிருந்து செய்த எரிபொருளை ஐரோப்பியச் சட்டம் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல வயலில் கரும்பும் சோளமும் விளைவித்துச் செய்த எண்ணெய்க்கு அந்தச் சந்தையின் கதவு மூடியிருக்கிறது. கழிவிலிருந்து செய்ததற்கே அது திறந்திருக்கிறது.

நம் நாட்டிலும் முதலில் நடைமுறைக்கு வந்தது கழிவு எண்ணெய்தான். அரியானா மாநிலம் பானிபட்டில் உள்ள இந்தியன் ஆயில் சுத்திகரிப்பு ஆலை, பழைய சமையல் எண்ணெயிலிருந்து மாற்று விமான எரிபொருள் தயாரிக்க 2025 ஆகஸ்டில் பன்னாட்டுச் சான்று பெற்றது. ஆண்டுக்கு 35,000 டன் தயாரிக்கும் திறன் என்று அறிவிக்கப்பட்டது. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய் உடலுக்குக் கேடு. அதை உணவிலிருந்து விலக்கி எரிபொருளாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்புத் துறை 2018-லேயே தொடங்கியது. இதில் இரட்டை நன்மை இருக்கிறது. புதிய தாவர எண்ணெயை எரிப்பதோ பொருந்தாது. நம் நாடு சமையல் எண்ணெய்த் தேவையில் பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. கடலை எண்ணெயின் விலையும் விமான எண்ணெயின் விலையைவிட அதிகம். கடலை விவசாயிக்கு விமானத்தைவிடச் சமையலறையே நல்ல வாடிக்கைக்காரர்.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

இத்தகைய பயிருக்கு யாராவது அணுகினால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெளிவு பெறாமல் கையெழுத்துப் போடக் கூடாது.

1. வாங்கும் ஆலை எங்கே இருக்கிறது? இப்போது ஓடுகிறதா, இனிமேல் கட்டப்போகிறார்களா? கட்டாத ஆலையை நம்பி மரம் நடக் கூடாது.

2. குறைந்தபட்ச விலை எவ்வளவு? எத்தனை ஆண்டுகளுக்கு? கச்சா எண்ணெய் விலை சரிந்தால் என்ன ஆகும்? இவை எழுத்தில் இருக்க வேண்டும்.

3. சொல்லப்படும் மகசூல் எந்த மண்ணில், எத்தனை தண்ணீரில் கிடைத்தது? அதே வட்டாரத்தில் காய்ப்பில் இருக்கும் தோட்டத்தை நேரில் பார்த்து, அதன் உரிமையாளரிடம் விசாரிக்க வேண்டும். நாற்று விற்பவரின் பேச்சு போதாது.

4. காய்ப்புக்கு வரும்வரை வீட்டுச் செலவுக்கு என்ன வழி? ஊடுபயிருக்கு இடம் உண்டா?

5. அறுவடைக் கூலியும் வண்டி வாடகையும் யார் பொறுப்பு?

6. நட்டம் வந்தால் மரத்தை அகற்றும் செலவு யாருடையது?

புங்க மரத்தில் ஆர்வம் உள்ளோர் விளைநிலத்தை விட்டுவிட்டு, வேலி ஓரத்திலும், ஓடைக்கரையிலும், உவர் தட்டிய மூலையிலும் பத்து மரம் வைக்கலாம். இது காய்க்க நான்கு முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். எண்ணெய்க்கு ஆள் வராவிட்டாலும் தழை வயலுக்கு உரமாகும். பிண்ணாக்கும் நல்ல எருவாகும். வேருக்கு மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் தன்மையும் உண்டு. கைமுதல் போகாத வழி இது.

வைக்கோலையும் சோகையையும் விலைக்குக் கேட்டு வருவோர் இனிக் கூடுவார்கள். கரும்புச் சோகையை எரிப்பதைவிட விற்பது மேல் என்பதில் ஐயமில்லை. ஆனால் முழுவதையும் விற்றுவிடக் கூடாது. ஏக்கருக்கு நான்கு டன் சோகையைப் பார்களில் பரப்பி மட்க விட்டால் ஈரம் காக்கும், களை அடங்கும். சுமார் 15 கிலோ தழைச்சத்தும் சிறிது சாம்பல் சத்தும் மண்ணுக்குத் திரும்பும். இந்தச் சத்தை உரக்கடையில் வாங்க ஆகும் செலவையும், ஒரு தண்ணீர் மிச்சமாவதையும் கூட்டிப் பார்த்து, அதைவிட நல்ல விலை வந்தால் மட்டுமே, அதுவும் பாதியை மண்ணுக்கு விட்டு மீதியைக் கொடுக்கலாம். வைக்கோலுக்கு முதல் உரிமை வீட்டு மாட்டுக்கே. கோடையில் வைக்கோல் வாங்கும் விலை, அறுவடையில் விற்ற விலையைப்போலப் பல மடங்கு ஆவது எல்லோரும் அறிந்ததே.

தனியாகப் பேரம் பேசுவதைவிட உழவர் உற்பத்தியாளர் குழு மூலம் பேசினால் எடையும் விலையும் சரியாகக் கிடைக்கும். ஒப்பந்தத் தாளை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ, அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டி யோசனை கேட்ட பின்னரே முடிவு செய்ய வேண்டும்.

விமானங்களுக்கு மாற்று எரிபொருள் தேவைதான். அந்தத் தேவை ஆண்டுக்கு ஆண்டு வளரும். அதில் விவசாயிக்கும் பங்கு கிடைக்கலாம். அந்தப் பங்கு இப்போதைக்குக் கழிவுப்பாகிலும், மிஞ்சிய தட்டையிலும், வரப்போர மரத்திலும் இருக்கிறது. சோறு போடும் வயலை அதற்காக மாற்ற வேண்டிய காலம் இன்னும் வரவில்லை. வாங்குபவர் விலையை எழுத்தில் தந்து, ஆலையும் ஓடத் தொடங்கிய பிறகு, முதலில் கால் ஏக்கரில் வைத்துப் பார்த்து, பிறகு மேற்கொண்டு யோசிக்கலாம்.